படகுக்காரி போன விதம்

என் அன்பு வாலு,

நலமா என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? அதனால் நாங்கள் உருவாக்கும் வீடியோ கேமைப் பற்றியே எழுதுகிறேன்.

மூன்றாம் பாகம் வெளியான நாளிலிருந்து அலுவலகத்தில் எல்லோரும் என்னைத்தான் முறைக்கிறார்கள். படகுக்காரியின் கதையை எழுதுகிறவள் நான்தானே. இரண்டு பாகங்களிலும் ஒருவரைக்கூடக் கரையில் விடாமல் ஏற்றிக்கொண்டு போனவள், இதில் சொந்தத் தம்பியையே விட்டுவிட்டுப் போய்விடுகிறாள். ஆயிரக்கணக்கில் திட்டு. "எழுதினவங்க முதல் ரெண்டு பாகத்தையாச்சும் விளையாடிப் பாத்தாங்களா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். பதிலுக்கு நாலு வார்த்தை தட்டிவிடக் கை துடித்தது.

அப்புறம்தான் அந்தக் கமெண்டைப் பார்த்தேன். "ஓட்டைப் படகு அக்கா அப்படிப் போறவ இல்ல. எழுதினவங்களுக்கு அவளத் தெரியல." அந்தப் பட்டப்பெயர் கேமில் எங்குமே கிடையாது. உனக்குச் சாப்பாடு ஊட்டுவதற்காக நான் அவளை முதன்முதலில் உருவாக்கிச் சொன்னபோது, நீ வைத்த பெயர் அது.

ஏன் அப்படி எழுதினாய் என்று மேலாளர் கேட்டார். கதைக்குத் தேவைப்பட்டது என்று மழுப்பினேன். அடுத்த அப்டேட்டில் அந்தக் காட்சியை மாற்றச் சொல்லியிருக்கிறார். ஒரு வாரமாக உட்கார்ந்திருக்கிறேன், ஒரு வரிகூட வரவில்லை.

உன் கமெண்டின் கடைசி வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்: "போகணும்னா போகட்டும். ஒரு தடவ திரும்பிப் பாத்திருக்கலாம்ல?"

நான் வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்று, பேருந்தில் எனக்குக் கிடைத்தது நீ நின்ற பக்கமாக இருந்த ஜன்னல்தான்; நான் எதிர்ப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் அக்கா