முப்பத்து மூன்றாம் அதிகாரம்

அப்பா,

வீட்டு வரி ரசீதைத் தேடி பீரோவின் கீழ்த்தட்டைக் கிளறியபோது உங்கள் கடிதக் கட்டு கையில் பட்டது. பிரித்ததும் ஏலக்காய் வாசம். போடியில் நம் கடையில் காய் தரம் பிரித்த கையோடு நீங்கள் எழுதிய இன்லாண்டு கடிதங்கள்.

நான் மதுரையில் விடுதியில் தங்கிப் படித்தபோது வாரம் ஒன்று வரும். நலம் விசாரிப்பு ஒரு வரி, மீதியெல்லாம் பைபிள். இந்த வாரம் எந்த அதிகாரங்கள், எங்கே நிறுத்தி யோசிக்க வேண்டும், கடைசியில் ஒரு கேள்வி. ஐந்தாம் வகுப்போடு நின்றவர் எம்.ஏ. படிப்பவனுக்குப் பாடம் நடத்துகிறாரே என்று அறைத் தோழர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஆனாலும் பதில் எழுதினேன். பிடித்திருந்தது.

பிறகு, நான் வேலை கிடைத்துத் தேனியில் குடியிருந்தபோது, கடையைத் தம்பி பேருக்கு மாற்றினீர்கள். மூத்தவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது. சண்டைக்கு வந்தேன். "நீ படிச்சவன்யா. அவனுக்கு இத விட்டா என்ன இருக்கு?" என்றீர்கள். அன்றோடு வீட்டுக்கு வருவதை நிறுத்தினேன். நீங்கள் கடிதத்தை நிறுத்தவில்லை. நான் பதிலை நிறுத்தினேன்.

பல வருஷம் கழித்து ஒரு கடிதம். அறுப்பின் பண்டிகை ஆராதனையில் நான் வேதபாடம் வாசிக்கவேண்டும் என்று போதகரிடம் கேட்டு வாங்கியிருந்தீர்கள். எந்தப் பகுதி, எங்கே மூச்சு விடுவது, எல்லாம் குறித்திருந்தீர்கள். கண்ணில் புரை, வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன.

வந்தேன். முன் பெஞ்சில் நீங்களும் தம்பியும். பீடத்துப் படியில் காணிக்கையாக வந்த கரும்பும் பூசணியும் வாழைத்தாரும். நீங்கள் குறித்த பகுதியை விட்டுவிட்டு ஆதியாகமம் இருபத்தேழைத் திறந்தேன். இளையவன் யாக்கோபு கையில் ஆட்டுத்தோலைக் கட்டிக்கொண்டு, கண் மங்கிய தகப்பனை ஏமாற்றி, அண்ணன் ஏசாவுக்குரிய ஆசீர்வாதத்தை வாங்கிக்கொள்ளும் இடம். நீங்கள் கற்றுக்கொடுத்தபடியே நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். ஏசா அழுகிற இடத்தில் மூடினேன். சபைக்கே புரிந்தது. தம்பி தலை குனிந்துகொண்டான்.

வெளியே ஒரு வியாபாரி உங்களைச் சீண்டினார். "என்ன அண்ணாச்சி, மூத்தவுக பக்கத்த மாத்திட்டாகளோ? இம்புட்டுப் படிச்சும் அறுப்புக்கும் ஆட்டுத்தோலுக்கும் வித்தியாசம் தெரியலையே!"

"இல்லப்பா, அவன் தெரிஞ்சுதான் வாசிச்சான்" என்றீர்கள். "நல்லாவும் வாசிச்சான்."

அன்று பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு நிறைவாக இருந்தது. அந்த நிறைவை நினைத்தால்தான் இன்று முகம் எரிகிறது.

அடுத்த வாரமும் கடிதம் வந்தது. "வாசிப்பு நன்றாக இருந்தது. கதையை நடுவில் நிறுத்திவிட்டாய். ஆறு அதிகாரம் தள்ளி முப்பத்து மூன்றை வாசி. அண்ணன் என்ன செய்தான் என்று எழுது." நான் எழுதவில்லை. நான்கு மாதத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். குழியின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் தம்பி.

கோபம் இன்னும் இருக்கிறது, அப்பா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் பார்வை போய்க்கொண்டிருந்த உங்களை, நீங்கள் தந்த வாசிப்பைக் கொண்டே ஊர் முன்னால் குத்தினேனே, அதற்கு எந்தக் கோபமும் நியாயம் சொல்லாது.

அந்த அதிகாரம் இப்போது மனப்பாடம். தம்பியைக் கண்டதும் ஏசா எதிர்கொண்டு ஓடுகிறான். கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறான். ஏமாந்தவன்தான் ஓடுகிறான்.

போன வாரம் ஒரு வேலையாகப் போடி வந்தேன். கடைத்தெருவில் தம்பி பார்த்துவிட்டான். கல்லாவை விட்டு எழுந்து வந்து, "அண்ணே, வாங்கண்ணே, உக்காருங்க" என்று தன் துண்டாலேயே நாற்காலியைத் துடைத்தான். அவனுக்கும் முடி நரைத்துவிட்டது. பத்தடி தூரம். யாரும் அழைக்காத செல்போனைக் காதில் வைத்துக்கொண்டேன்.

அண்ணன் என்ன செய்தான் என்று கேட்டீர்கள். வந்த வழியே ஓடினான், அப்பா.