தவக்காலத்தில் நான் ஜெயித்த ஆட்டங்கள்

நேற்று மாலை சிராங்கூன் சாலையில் மல்லிகைப்பூவும் அப்பளமும் வாங்கிக்கொண்டு, இனி ஓர் அடி நடக்க முடியாது என்று ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் வலிக்கிறது. முப்பத்தைந்து வயதில் முழங்கால் வலி என்றால் நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். கடைக்காரர் டீயைக் கொண்டுவந்து வைத்தபோதுதான் மேசையைக் கவனித்தேன். மேலே தடித்த கண்ணாடி. அதற்கடியில் கறுப்புத்தாள் ஒட்டியிருந்தது. எதிரெதிர்ப் பக்கங்களில் கைப்பிடி இருந்த துளைகளை மரத்துண்டு வைத்து அடைத்திருந்தார்கள். நம் தொழிற்சாலையில் இருந்ததே, அதே மாதிரியான வீடியோ கேம் மேசை. உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு இப்போது அதன்மேல் டீ வைத்துக் குடிக்கிறார்கள்.

எதிர்ப்பக்க நாற்காலியில் பூப்பையை வைத்திருந்தேன். அது உன் பக்கம். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். டீ ஆறி, மேலே ஆடை படிந்துவிட்டது. இந்தக் கடிதத்தை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று கேட்காதே. எழுதினால் கொஞ்சம் பாரம் குறையும் என்று நினைக்கிறேன், அவ்வளவுதான்.

உனக்கு நினைவிருக்கும். ஆங் மோ கியோ தொழிற்சாலையில் ரேடியோவுக்குள் வைக்கும் மின்சுற்றுப் பலகைகளுக்கு ஈயப்பற்று வைத்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தோம். எட்டு மணி நேரமும் அந்தப் புகை. வீட்டுக்குப் போய் எத்தனை முறை தலைக்குக் குளித்தாலும் போகாது. காலை ஷிப்ட் மூன்று மணிக்கு முடியும். நம் வீடுகள் இருந்த தோ பாயோவுக்குப் போகும் கம்பெனி பஸ் மூன்றரைக்குத்தான் வரும். நடுவில் இருந்த அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் நாம் இருவரும் வேலைக்கே போனோம் என்று சொன்னால் அது பெரிய பொய்யில்லை.

பொழுதுபோக்கு அறையில் ஒரு பிங்பாங் மேசை, மூலை உடைந்த ஒரு கேரம் பலகை, அப்புறம் அந்தக் கண்ணாடி மேசை. கண்ணாடிக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாகச் சுவர்கள். உனக்கொரு டாங்கி, எனக்கொரு டாங்கி. நேரம் முடிவதற்குள் யார் மற்றவரை அதிகமுறை சுடுகிறார்களோ அவருக்கு வெற்றி. உள்ளே நுழைந்ததும் நான் பாய்ந்து போவேன். நீ ஏதாவது ஒரு சுவருக்குப் பின்னால் அசையாமல் நிற்பாய். நான் அந்த மூலையைத் திரும்புவேன், செத்தேன். மறுபடி பாய்வேன், மறுபடி செத்தேன். "எங்கடி இப்படி ஓடற, பஸ்ஸா போயிடும்?" என்று கேட்பாய். கைப்பிடியை உடைத்துவிடலாம் போலிருக்கும் எனக்கு.

நம் வரிசையில் வேலை பார்த்த ரோகானா ஓர் அட்டையில் எல்லோருடைய பெயரையும் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தாள். ஒருவர் ஜெயித்தால் அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு. உன் பெயருக்கு நேரே வேலி மாதிரி கோடுகள். என் பெயருக்கு நேரே வெறும் அட்டை. நான் உன்னைத் தவிர வேறு யாருடனும் ஆடியதில்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. நான் ஆடத் தெரியாதவள் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

அந்த வருடம் எனக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது. லைன் லீடர் வேலைக்கு எழுதிய தேர்வில் இரண்டாவது தடவையும் தேறவில்லை. பெண் பார்த்துவிட்டுக் கேசரி சாப்பிட்டுப் போனவர்கள் பதிலே சொல்லவில்லை. இதையெல்லாம் விட்டுவிட என்னால் முடியாது. அந்த ஆட்டத்தை விட்டுவிட முடியும். ஒரு செவ்வாய்க்கிழமை தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்று, பின்னால் நின்றவர்கள் கைதட்டிச் சிரித்த பிறகு, பஸ்ஸில் உன்னிடம் சொன்னேன்.

"இனிமே நான் ஆடப்போறதில்ல. போதும்."

"சரி, நாளைக்குப் பாப்போம் லா," என்றாய், எதற்கும் கடைசியில் நீ ஒட்டும் அந்த "லா"வோடு.

"நாளைக்கும் இல்ல, என்னைக்கும் இல்ல. வீட்லயும் தோக்கறேன், டெஸ்ட்லயும் தோக்கறேன். இங்க வேற காசு போட்டுத் தோக்கணுமா?"

நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய். "நானும் நாளையிலேர்ந்து ஆடமாட்டேன்," என்றாய். என்மேல் பரிதாபப்பட்டுத்தான் சொல்கிறாய் என்று நினைத்தேன். பொத்துக்கொண்டு கோபம் வந்தது.

"ஒண்ணும் எனக்காக விடவேணாம்."

"ஐயே, உனக்காக யாரு விட்டா? நாளைக்குத் தவக்காலம் ஆரம்பம். சாயந்தரம் சர்ச்சுல சாம்பல் பூசுவாங்க. ஈஸ்டர் வரைக்கும் ரொம்பப் புடிச்ச ஒண்ண விடணும். போன வருஷம் மைலோ குடிக்கறத விட்டேன். இந்த வருஷம் இது."

"அப்போ ரெண்டு பேரும் ஒண்ணாவே விட்டாச்சு," என்றேன்.

"ஒண்ணு இல்லடி. எனக்குப் புடிச்சிருக்கு, அதனால விடறேன். நீ தோத்துட்ட, அதனால விடற. எனக்கு ஈஸ்டர் வரும். உனக்கு வராது."

கிண்டலாகத்தான் சொன்னாய். நான் இறங்கும்போது வழக்கம்போலத் தோளில் தட்டவும் செய்தாய். ஆனால் எனக்கு அது ஊசி மாதிரிக் குத்தியது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவே பிடிக்கவில்லை. அடுத்த நாள் மூன்று மணிக்கு, உனக்கு முன்னால் போய் அந்த மேசையில் உட்கார்ந்தேன். எதிர்ப்பக்கம் காலியாக இருந்ததால் ரோகானா வந்து உட்கார்ந்தாள்.

அவளை ஜெயித்தேன்! அவளுக்கு நம்பிக்கை வரவில்லை, எனக்கும் வரவில்லை. இன்னொன்று ஆடினோம், அதையும் ஜெயித்தேன். மறுநாள் பேக்கிங் பகுதியிலிருந்து ஒருத்தி வந்தாள். அதற்கடுத்து ஸ்டோர்காரர். எல்லோரும் பாய்ந்து வந்தார்கள், நான் முன்பு உன்னிடம் பாய்ந்த மாதிரியே. நான் சுவருக்குப் பின்னால் நின்றேன். உன்னிடம் மாதக்கணக்கில் உதை வாங்கியதில் உன் ஆட்டம் என் கைக்குள் வந்திருந்தது. அட்டையில் என் பெயருக்கு நேரே கோடுகள் வரத்தொடங்கின.

நீ ஒரு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப்போட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். "பாத்தாலும் பாவமா?" என்று ரோகானா கேட்டதற்கு, "பாக்கறது பாவமில்ல, கைதான் சொன்னா கேக்காது," என்றாய். நான் ஜெயித்தபோதெல்லாம் முதலில் கத்தியது நீதான். கைதட்ட முடியாமல் காலைத் தரையில் உதைத்துக் கத்தினாய்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்! கேன்டீனில் எனக்கு இடம் பிடித்து வைத்தார்கள். பஸ் ஓட்டுநர்கூட "சாம்பியன்" என்று கூப்பிட்டார். அம்மா, "என்னடி, முகத்துல களை வந்திருக்கு," என்றாள். தவக்காலம் முடிவதற்குள் உன் கோடுகளைத் தாண்டிவிட்டேன். பெரிய வெள்ளிக்கு முதல்நாள் ரோகானா பழைய அட்டையைக் கழற்றிவிட்டு, என் பெயரை மேலே எழுதிப் புது அட்டை மாட்டினாள். அதற்குக் கீழே உன் பெயர்.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை. அன்று காலையிலிருந்தே நான் சரியாக வேலை செய்யவில்லை. இரண்டு பலகைகளைக் கருக்கினேன். மூன்று மணி மணியடித்ததும் நீ எழுந்து ஓடியே போனாய். நான் மெதுவாக வந்தபோது மேசைக் கண்ணாடியை உன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, இருவருக்குமான காசையும் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாய். அறை நிறைய ஆட்கள்.

"வா லா, சாம்பியன்! நாப்பது நாளா கை அரிக்குது."

வாசலிலேயே நின்றேன். உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அரை மணி நேரத்தில் பழையபடி ஆகிவிடுவேன். அந்த அட்டை, அந்த இடம், பஸ் ஓட்டுநரின் சாம்பியன், எல்லாம் போய்விடும். உட்காராவிட்டால் எதுவும் போகாது.

"தலை வலிக்குது. நீ ரோகானாவோட ஆடு," என்றேன்.

ஆட்டம் அதற்குள் தொடங்கியிருந்தது. என் பக்கத்து டாங்கி தன் மூலையில் அப்படியே நின்றது. ரோகானா உட்கார வந்தாள், நீ கையைக் காட்டி நிறுத்தினாய். என் டாங்கியை நீ எத்தனை முறை வேண்டுமானாலும் சுட்டிருக்கலாம். சுடவில்லை. காலியான சந்துகளில் உன் டாங்கியை மெல்ல ஓட்டிக்கொண்டே இருந்தாய், நேரம் முடியும்வரை. இரண்டு பக்கமும் பூஜ்யம். பிறகு எழுந்து வந்து, "தைலம் இருக்கு, பூசிக்கிறியா?" என்று கேட்டாய்.

செவ்வாய்க்கிழமை கண் எரிச்சல் என்றேன். புதன்கிழமை பஸ்ஸில் இடம் பிடிக்க வேண்டும் என்றேன். வெள்ளிக்கிழமை நீ கேட்கவில்லை. தோற்றுக்கொண்டே இருந்தபோது விடுகிறேன் என்று சொல்லியும் விடாத ஆட்டத்தை, ஜெயித்த பிறகு விட்டுவிட்டேன். கொஞ்ச நாளில் நிர்வாகம், பெண்கள் ஷிப்டுக்கு நேரத்தோடு வருவதில்லை என்று சொல்லி அந்த மேசையையே தூக்கிவிட்டது. எல்லோரும் முணுமுணுத்தார்கள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. உன்னைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தேன்.

நாம் சண்டை போடவில்லை. பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்தோம். உன் கல்யாணத்துக்கு உனக்குப் பூ வைத்துவிட்டது நான்தான். நீ புக்கிட் பாஞ்சாங்குக்குக் குடிபோய், வேலையை விட்ட பிறகும் மாதம் ஒரு ஞாயிறு சிராங்கூன் சாலையில் சந்தித்துத் தோசை சாப்பிட்டோம். எல்லாவற்றையும் பேசினோம். அந்தத் திங்கட்கிழமையை மட்டும் பேசவில்லை. புதிதாக வேலைக்கு வரும் பெண்களிடம், "இங்க ஒரு காலத்துல கேம் மேசை இருந்துச்சு, கடைசி நாப்பது நாளு என்னை யாராலும் ஜெயிக்க முடியல," என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பொய் இல்லை. அதுதான் இன்னும் கேவலம்.

பிறகு உனக்கு உடம்பு முடியாமல் போனது. கடைசியாக நான் ஆஸ்பத்திரிக்கு வந்த மதியம் உன் கணவர் சாப்பிடப் போயிருந்தார். உன் மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. ஆரஞ்சுச் சுளையை உரித்து வைத்துவிட்டு, எங்கிருந்து தைரியம் வந்ததோ, சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு எனக்குத் தலைவலி இல்ல."

எந்த அன்றைக்கு என்று நீ கேட்கவில்லை. "தெரியும் லா," என்றாய்.

"உன்கிட்ட தோத்துடுவேன்னு பயம்."

"இல்ல, நீதான் ஜெயிச்சிருப்ப" என்று சொல்வாய் என எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். நீ கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாய். ஏழு வயதுப் பிள்ளை கணக்குப் போடுவது மாதிரி உதடு அசைந்தது.

"தோத்துத்தான் இருப்ப. நாப்பது நாளும் பாத்தேன்ல, சுட்டதும் நீ எப்பவும் இடது பக்கந்தான் திரும்புவ." மூச்சு வாங்கியது. தண்ணீர் கேட்டுக் குடித்தாய். அப்புறம் சொன்னாய்: "அதுக்கென்ன? அரை மணி நேரம் ஆடியிருப்போம்ல."

சுளைகளை ஒவ்வொன்றாக உனக்குக் கொடுத்தேன். இரண்டு சாப்பிட்டாய்.

இப்போது தோ பாயோவிலிருந்து ஆங் மோ கியோவுக்கு எம்ஆர்டி ரயில் ஓடுகிறது. அது ஓடத் தொடங்கும் முன்பே நீ போய்விட்டாய். நான் அதே தொழிற்சாலைக்குத்தான் போகிறேன், அதே புகைதான். போன மாதம் லைன் லீடர் தேர்வை மறுபடி எழுதினேன். மறுபடி தேறவில்லை. அடுத்த தடவை எழுதுவேனா, தெரியாது. களைப்பாக இருக்கிறது. விடுவதா வேண்டாமா என்று யோசிக்கும்போதெல்லாம், பிடித்ததால் விடுகிறேனா தோற்றதால் விடுகிறேனா என்று நீ பஸ் ஜன்னலைப் பார்த்தபடி கேட்பது கேட்கிறது. எந்தப் பதில் சொன்னாலும் அது பொய்யா என்று நீ கண்டுபிடித்துவிடுவாய்.

புதுப் பெண்களிடம் அந்தப் பெருமையைச் சொல்வதை நிறுத்திவிட்டேன். உன்னிடம் நான் எத்தனையோ ஆட்டம் தோற்றிருக்கிறேன். அதில் ஒன்றுகூட இப்போது வலிக்கவில்லை. அந்தத் திங்கட்கிழமை எனக்கு வரவேண்டியிருந்த தோல்வியை வாங்கிக்கொள்ளாமல் வாசலிலிருந்தே திரும்பிவிட்டேன். அந்த ஒன்றை மட்டும் சுமந்துகொண்டிருக்கிறேன். வேறு யாரிடமும் அதைத் தோற்க முடியாது.