தெலுங்கில் கேட்டேன்

கங்காதர நெல்லூர்
12-3-1985

பிலாயில் இருக்கும் என் பிரியமுள்ள கணவருக்கு, கிருபாபாய் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. நானும் லோயிஸும் சுகம். அவளுக்கு அம்மை இறங்கிவிட்டது, பரீட்சைக்குப் போகிறாள். உங்கள் இருமலைப் பற்றி எழுதவே இல்லையே.

கோவர்த்தனன் தேர்தலில் தோற்றுவிட்டான். மரியாதை போட்டு எழுத எனக்கு மனசு வரவில்லை. நிவாரணப் பால் பவுடரை விற்றுவிட்டு, வாத்தியார்தான் திருடினார் என்று உங்கள் மேல் பொய்ப்புகார் கொடுத்த பஞ்சாயத்து சமிதித் தலைவன், சொந்த ஊர் பூத்திலேயே மூன்றாவது இடம். என் வயிறு குளிர்ந்தது.

அவனுக்கு டிக்கெட் கிடைக்க வழி செய்ததே நான்தான். பதறாமல் படியுங்கள். கட்சியார் திருப்பதியில் கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த மூன்று நாளும், ஜனங்கள் மனசில் யார் என்று அறிய ஊர் ஊராக ஆள் அனுப்பினார்கள். நம் பக்கத்து இருநூறு வீடு எனக்கு வந்தது. படிவம் தெலுங்கில் இருந்தது. தமிழர் வீட்டில் தமிழில் கேட்கச் சொல்லியிருந்தார்கள். நான் எல்லா வீட்டிலும் தெலுங்கிலேயே கேட்டேன். அச்சடித்த தாளோடு தெலுங்கும் வந்தால் நம் ஜனங்களுக்கு அது சர்க்கார். சர்க்காரிடம் யார் உண்மை சொல்வார்கள்? என்னைத் தெரிந்தவர்கள்கூட "ஆயனே மஞ்சோடு" என்று அவனையே நல்லவன் என்றார்கள். சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். டிக்கெட் கிடைக்காமல் போயிருந்தால், யாரோ சதி செய்தார்கள் என்று சொல்லித் திரிந்திருப்பான். ஜில்லாவே பார்க்க அவன் தோற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

பழியைக் கர்த்தரிடம் விட்டுவிடு என்று எழுதியிருந்தீர்கள். விட முடியவில்லை. சபை ஐயர் கேட்டால் செய்ததை ஒப்புக்கொள்வேன், வருத்தப்படுகிறேன் என்று மட்டும் சொல்லமாட்டேன்.

இன்னொன்று. படிவத்தை மடித்து வைத்த பிறகு தமிழில் பேச்சுக் கொடுத்தேன். அவனுக்கா ஓட்டு என்று சிரித்தார்கள். மணியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வூட்டுக்காரர் எடுக்கலைன்னு எங்களுக்கு அப்பவே தெரியும்மா. பயந்துகினு வாயை மூடிக்கினோம்" என்றாள். பத்து வீட்டில் இதையே சொல்லக் கேட்டேன். கோவர்த்தனன் மேல் இருந்த ஆத்திரம் ஆறிவிட்டது. இவர்கள் மேல் வந்தது ஆறவில்லை.

ஊரார் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதானே மூன்று வருஷமாக வராமல் இருக்கிறீர்கள்? உங்களைத் திருடன் என்று நம்பியவர் இங்கே ஒருவரும் இல்லை. தலை குனிய வேண்டியவர்கள் அவர்கள். அவர்களை மன்னிக்க வேண்டாம், பேசக்கூட வேண்டாம். ஈஸ்டருக்குப் பட்டப்பகலில் பஸ்ஸை விட்டு இறங்குங்கள். கர்த்தர் வழியெல்லாம் உங்களைக் காப்பாராக.

உங்கள்
கிருபாபாய்