மொன்டானாவா, நியூயோர்க்கா

ஆவணி 12, செவ்வாய். லண்டன், மிச்சம் (Mitcham).

அமெரிக்காவில் இரண்டு சமஷ்டி நீதிபதிகள் என்னைச் சட்ட உதவியாளராக அழைத்திருந்தார்கள். மொன்டானா நீதிபதி விண்ணப்பத்தோடு நான் அனுப்பிய சட்டக் கட்டுரையை வரிவரியாக வாசித்து, ஒரு மணிநேரம் என்னோடு வாதாடினார். நியூயோர்க் நீதிபதி பத்து நிமிடம் பேசினார். பாதி லண்டன் மழையைப் பற்றி. எனக்கு மொன்டானாதான் விருப்பம். இன்று மாலை ஆறு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஐந்தரைக்கு, இரவு ஷிப்டுக்கு முன் சாப்பிட உட்கார்ந்த அப்பாவிடம் சொன்னேன்.

"மொன்டானா எங்கை பிள்ளை கிடக்கு? கோயிலிலை எல்லாருக்கும் நியூயோர்க் எண்டு சொல்லிப்போட்டன்."

"அங்கைதான் அப்பா வேலை பழகலாம்."

"அப்ப உன்ரை விருப்பம்."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். வெறும் வயிற்றோடு சப்பாத்துப் போட்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனாலும் நியூயோர்க்குக்குத்தான் சம்மதம் அனுப்பினேன். சொன்னதும் திரும்பி வந்து உட்கார்ந்தார். இரண்டாம் தரமும் சோறு கேட்டார்.

மொன்டானா நீதிபதிக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். சற்றுமுன் பதில் வந்தது.

"காரணம் சொல்லத் தேவையில்லை. கட்டுரையைத் திரும்பவும் வாசித்தேன். அன்று நாம் வாதாடிய இடத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி."

அப்பா வேலைக்குப் போய்விட்டார். இதை யாரிடம் காட்டுவது?