எதிர்ச்சரிவிலிருந்து ஒரு குரல்

ஜூன் 3
மாப்பிள்ளை இன்றும் கத்தினான். கண்ணாடித் தொட்டியில் ஒற்றைத் தவளை, யாரைக் கூப்பிடுகிறான்? காட்டில் அவன் இனத்தைக் கண்டு வருடங்களாகின்றன. நான் அறையைக் கழுவும்போதே, தவளை ஆராய்ச்சி செய்யும் மேடம் அவன் குரலைப் பதிவு செய்தார். மேகம் இறங்கும் நேரத்தில் காட்டில் ஸ்பீக்கரில் போடுவார்களாம். வேறு ஆண் தவளை இருந்தால் போட்டிக்குக் கத்துமாம்.

“மாப்பிள்ளைக்குப் பங்காளி தேடப் போறோம், நீயும் வா,” என்றார் டிரைவர் அண்ணன். நான் வாளியை நகர்த்திவிட்டுத் தரையைத் துடைத்தேன்.

ஜூன் 9
எதிர்ச்சரிவிலிருந்து பதில்! மேடம் அழுதுவிட்டார். தவளை இருந்தால் அங்கே வரப்போகிற ரோட்டைப் போட முடியாது. அக்கா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள்.

எனக்கு மட்டும் உறுத்துகிறது. நாம் போட்டால் கத்துகிறது, நிறுத்தினால் நிறுத்துகிறது. அவ்வளவு மரியாதையான தவளையா?

ஜூன் 11
சாயங்காலமானால் டிரைவர் அண்ணனைக் காணோம். எங்கே போகிறார்? கையில் இன்னொரு ஸ்பீக்கரா?

அக்காவிடம் சொன்னேன். “டீச்சர் சிரிச்சா உன்னப் பாத்துதான் சிரிக்கறாங்கன்னு பள்ளிக்கூடத்தையே விட்டவதானடி நீ!”

ஜூன் 14
எதிர்ச்சரிவுப் பதிவை மேடம் ஹெட்போனில் கேட்கக் கொடுத்தார். குரலுக்குப் பின்னால் மெல்ல, வாளிப்பிடி விழும் சத்தம். காட்டுக்குள் வாளியா?

அது என் வாளி. மாப்பிள்ளையைப் பதிவு செய்த இந்த அறை.

யாரு செஞ்சது? அண்ணனா? மேடமேவா? சொன்னா ரோடு வந்துடும். சொல்லலன்னா?

ஜூன் 15
மேடத்திடம் சொல்லிவிட்டேன்.

மலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு குழுவும் தேடுகிறது. பதிவை அவர்களுக்குக் கொடுத்ததே மேடம்தான். நாங்கள் போட, தவளை என்று நம்பி அவர்கள் போட, ஸ்பீக்கரும் ஸ்பீக்கரும் கொஞ்சியிருக்கின்றன. அங்கேயும் அழுதார்களாம்.

மேடம் மறைத்துவிடுவாரோ என்று அவர் முகத்தையே பார்த்தேன். என் எதிரிலேயே அதிகாரிக்குப் போன் செய்து, “தப்பு எங்களோடது,” என்றார்.

அண்ணன் போனது சிக்னல் கிடைக்கும் பாறைக்காம், அண்ணியிடம் பேச. “இப்ப திருப்தியா?” என்று மட்டும் கேட்டார்.

ஜூன் 17
ரோட்டுக்காகச் சரிவில் வெட்டப்போகும் மரங்களுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடிக்கிறார்கள். அக்கா என்னோடு பேசவில்லை.

ஜூன் 20
இரு பக்கமும் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு மேடமும் டிரைவர் அண்ணனும் நானும் எதிர்ச்சரிவில் சும்மா உட்கார்ந்தோம். அக்காவும் வந்தாள். மேகம் முகத்தை நனைத்தது.

கத்தியது. முதலில் பாறையடியில். பிறகு சற்று மேலே. பிறகு கிளையில்.

யாரும் குதிக்கவில்லை. மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொரு முறை கத்தும்வரை காது கொடுத்துக் கேட்டேன்.

“இது நம்மளோடது இல்ல,” என்றேன்.