சாப்பாட்டு மேசையில் எடுத்த முடிவு

மார்ச் 3, செவ்வாய்

மூக்குக்கண்ணாடியின் ஒரு காது கழன்றுவிட்டது. திருகாணி அகப்படவில்லை. நூலைச் சுற்றிக்கொண்டு மடல்களைப் பார்த்தேன்.

எங்கள் மென்பொருள் நாற்றங்காலுக்கு ஒரு புதிய விண்ணப்பம். "எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்வேன்" என்று பெருமையாக எழுதியிருக்கிறார். அதுதானே ஐயா சிக்கல்! பதில் போட்டேன்: எங்கள் அமைப்பு திறந்த மென்பொருள்களுக்கு இடம் தருகிறது. புதிய திட்டங்களை நாற்றங்காலில் வைத்துப் பார்ப்பது, நிரலைச் சுற்றி ஆட்கள் சேர்கிறார்களா என்பதற்காக. நாளைக்கு உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று எழுதி அனுப்பவும்.

ஓய்வு பெறும்வரை வங்கி மென்பொருளில் பிழை தேடிய கை. சுற்றி வளைக்க வராது.

நாற்றங்காலில் மருமகளின் திட்டம் நன்றாகப் போகிறது. டயாலிசிஸ் பிரிவில் யாருக்கு எந்த இயந்திரம், எந்த வேளை என்று ஒழுங்கு செய்யும் நிரல். அவள் அங்கே தலைமைச் செவிலி. அதற்கு என்னை வழிகாட்டியாகப் போட்டபோது, அவள் என் மருமகள் என்பதை முதல் மடலிலேயே சொல்லிவிட்டேன். "மாமியாரைவிடக் கண்டிப்பான வழிகாட்டி எங்கே கிடைப்பார்?" என்று பதில் எழுதினார் அமைப்பின் தலைவர். சிரிப்புக்குறி வேறு. நான் சிரிக்கவில்லை. பிடித்திருந்தது.

திட்டத்தில் மூன்றாவது ஆள் ஸ்பேனர். திட்டத்து ஆட்கள் மின்னஞ்சலில் கூடிப் பேசும் மடற்குழுவில் அவர் வைத்துக்கொண்ட பெயர் அது. எங்கோ வேறு தேசத்தில் டயாலிசிஸ் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். நிரலில் பாதி அவர் கைவேலை. அரட்டை கிடையாது, அரைகுறை கிடையாது.

மார்ச் 10, செவ்வாய்

சாப்பிடும்போது மருமகள் ஆரம்பித்தாள். வேலை நடந்துகொண்டிருக்கும்போது ஓர் இயந்திரம் நின்றுவிட்டால், யாரை அடுத்த வேளைக்குத் தள்ளுவது? "நின்னு யோசிக்க எனக்கு ஏது நேரம் அத்தை? நிரலே மாத்திடட்டும்."

குறுக்குக் கேள்விகள் கேட்டேன். அசரவில்லை. கடைசியாக வந்தவரைத் தள்ளுவது என்று, தட்டுக் கழுவி முடிப்பதற்குள் முடிவாகிவிட்டது. இவ்வளவு சுறுசுறுப்பான குழுவை நான் கண்டதில்லை.

மார்ச் 11, புதன்

எழுதிச் சேர்த்துவிட்டாள். சரிபார்த்து ஒப்புதல் தந்தேன். சுத்தமான நிரல்.

மார்ச் 13, வெள்ளி

ஸ்பேனரிடமிருந்து மடல். "இதை எங்க பேசினீங்க? தேடிப் பார்த்தேன். குழுவுல ஒரு வரிகூட இல்லையே."

வீட்டில் பேசினோம் என்று மருமகள் உள்ளதை எழுதினாள். ஒரு மணி நேரத்தில் பதில்:

"அப்போ நான் விருந்தாளி. சாப்பாட்டு நேரத்துல வந்தது என் தப்பு. கிளம்பறேன்."

நிரலில் மாற்றம் செய்யும் உரிமையையும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

குழுவில் பேசாதது பேசப்படவே இல்லை — எத்தனை திட்டங்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்திருக்கிறது எனக்கு! ஊருக்குத்தானடி உபதேசம். எனக்கா இது? எனக்கே எனக்கா? கண்ணுக்கு எதிரே நடந்துச்சே, நானும்தானே கை தூக்கினேன்!

மார்ச் 16, திங்கள்

தலைவர் இம்முறை சிரிப்புக்குறி போடவில்லை. ஒரே கூரையின் கீழ் இருக்கும் இரண்டு பேர் வெறும் குடும்பம்தான், சமூகம் ஆகமாட்டார்கள் என்கிறார். ஏப்ரல் கடைசியில் கூட்டம். அதற்குள் வெளி ஆட்கள் இல்லையென்றால் திட்டத்தை நாற்றங்காலிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

எடுத்துவிட்டால் மருமகளின் பாடு திண்டாட்டம். அமைப்பு பின்னால் நிற்கிறது என்று சொல்லித்தான் மருத்துவமனை நிர்வாகத்திடம் அனுமதி வாங்கினாள். மறுபடி வெள்ளைப் பலகையும் அழிப்பானும் என்று ஆகிவிடும். மூன்று வருட உழைப்பு.

"ஒரு ஸாரி மெயில் போட்டா வந்திடுவார் அத்தை" என்றாள். ஸாரியை வைத்துக்கொண்டு அந்த மனிதர் என்ன செய்வார்? பேச்சில் தன் பங்கு எங்கே என்றல்லவா கேட்டார்.

மார்ச் 18, புதன்

செய்துவிட்டேன். அந்த மாற்றத்தை நீக்கினேன். குழுவில் எழுதினேன்: இதை நானும் மருமகளும் சாப்பாட்டு மேசையில் முடிவு செய்தோம். அது செல்லாது. முதலிலிருந்து இங்கே பேசுவோம். யோசித்துப் பார்த்ததில் நான் கொடுத்த ஒப்புதலும் பிசகு என்று தோன்றுகிறது; நிரல் தானாக யாரையும் தள்ளக்கூடாது, காரணங்கள் கீழே.

கான்வென்டில் எங்கள் கணக்கு சிஸ்டர், காரணம் எழுதாத 'இல்லை'யை அடித்துவிடுவார். நான் காரணங்களோடுதான் 'இல்லை' சொல்வேன்.

இனி இந்த விஷயம் வீட்டில் பேசப்படாது என்று மருமகளிடம் சொன்னேன்.

"அப்போ வீட்டுல எதைத்தான் பேசறது?"

"வெயிலைப் பத்திப் பேசு."

மார்ச் 21, சனி

அடுத்த அறையில் விசைப்பலகை படபடக்கிறது. எனக்கு எதிராகத்தான். கால் மணி நேரத்தில் மடல் வந்து விழுந்தது, ஐந்து பத்தி. இயந்திரம் நின்று நோயாளி மிரண்டு பார்ப்பதை நான் பார்த்ததில்லையாம். உண்மை. நிரல் தானாகச் செய்த தவறுக்கு யாரும் பொறுப்பேற்காததை அவள் பார்த்ததில்லை என்று பதில் எழுதினேன். அதுவும் உண்மை.

இரவுச் சாப்பாட்டில் மகன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "உப்பு கம்மின்னா அதையும் மெயில்லதான் சொல்லணுமா?" பிறகு என்னிடம் தனியாக, "அம்மா, வீட்டுச் சண்டையை உலகமே பார்க்குது" என்றான்.

பார்க்கட்டும். அதற்குத்தானே.

மருமகள் நன்றாக எழுதுகிறாள். அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 25, புதன்

குழுவில் ஒரு புதுக் குரல். நாங்கள் கேள்விப்பட்டே இராத ஒரு பிரிவில் இரவுச் செவிலியாம். எங்கள் நிரலைத்தான் பயன்படுத்துகிறாராம்.

"நாலு மாசமா உங்க மடலையெல்லாம் படிச்சிட்டு வரேன். நீங்க ரெண்டு பேர் சொல்றதும் சரியில்லை. யாருக்குத் தாமதமே கூடாதுன்னு டாக்டர் குறிச்சிருப்பார், அவங்களைத் தொடக்கூடாது. மத்தவங்கள்ல, கூட்டிட்டுப் போக வீட்டு ஆள் இருக்கறவங்க காத்திருக்கலாம். தனியா வந்தவங்க கடைசி வண்டியை விட்டா எங்க போவாங்க? உங்க நிரல்ல அதை எழுத ஒரு கட்டமே இல்லையே."

நாலு மாதமாக ஏன் பேசவில்லை என்று கேட்டு எழுதினேன். "பேச இடம் இருக்கறதாவே தெரியலை. எல்லாம் முடிஞ்ச பிறகுதான் என் கண்ணுல பட்டுது."

இந்த வரியை இரண்டு முறை படித்தேன். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்திருந்தால் காப்பிக் கோப்பையை நீட்டி, "நீ தோத்தது எழுத்துல இருக்கு, பத்திரமா வச்சுக்கோ" என்றிருப்பார். முப்பத்தெட்டு வருடம் அதற்கு ஒரு சந்தர்ப்பம் தராமலே வைத்திருந்தேன்.

மார்ச் 29, ஞாயிறு

ஒரு மருந்தாளர் எழுதியிருக்கிறார். ஒரு பிரிவு எழுத்தரும். எழுத்தரின் மடலில் நான்கு பிழை, கருத்தில் ஒரு பிழையும் இல்லை.

ஏப்ரல் 2, வியாழன்

ஸ்பேனர்: "அந்தக் கட்டத்தை நான் எழுதறேன்."

அவ்வளவுதான். வந்தேன் என்றும் சொல்லவில்லை, போனேன் என்றும் சொல்லவில்லை. நானும் பழசைக் கிளறவில்லை. உரிமையைத் திருப்பித் தரும் தீர்மானத்தைக் குழுவில் வைத்தேன். இரவுச் செவிலிக்கும் சேர்த்து.

ஏப்ரல் 14, செவ்வாய்

முடிவாகிவிட்டது. நிரல் யோசனை மட்டும் சொல்லும். மாற்றுவது செவிலியின் கை. மருமகள் கேட்டது கிடைக்கவில்லை. "என் கருத்து மாறவில்லை, ஆனால் பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன்" என்று எழுதினாள். முதுகு வளையாத வாக்கியம்.

சாப்பிடும்போது, "இன்னைக்கு வெயில் பரவாயில்லை அத்தை" என்றாள். சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று.

ஏப்ரல் 28, செவ்வாய்

கூட்டம். திட்டத்தை எடுத்துவிடும் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. நான் தயாரித்து வைத்திருந்த வாதங்கள் அத்தனையும் வீண். கொஞ்சம் வருத்தம்தான்.

ஜூன் 9, செவ்வாய்

திட்டம் தேறிவிட்டது; நாற்றங்காலிலிருந்து பிடுங்கி வயலில் நட்டாயிற்று. வழிகாட்டியாக என் வேலை முடிந்தது.

ஜூலை 15, புதன்

மருமகளுக்கு வாரம் முழுக்க இரட்டை வேலை. எனக்குப் பல்வலி. இருவரும் மடற்குழுப் பக்கம் போகவே இல்லை. இன்று திறந்து பார்த்தால், இயந்திரம் கழுவும் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று ஸ்பேனருக்கும் இரவுச் செவிலிக்கும் பெரிய வாக்குவாதம். மருந்தாளர் நடுவில் புகுந்து இருவரையும் திட்டியிருக்கிறார். யாரோ இரண்டு புதியவர்கள் கட்சி பிரிந்து நிற்கிறார்கள். முடிவும் எடுத்து, புதிய பதிப்பும் வெளியிட்டுவிட்டார்கள். இத்தனை மடலில் ஒன்றுகூட எங்கள் வீட்டிலிருந்து போனதல்ல.

மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். காலணியைக்கூடக் கழற்றாமல் நின்று படித்தாள்.

"நாம ஏதாவது எழுதணுமா அத்தை?"

"நம்மளை யாரும் கேக்கலையேம்மா."

இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கடைசி மடல்வரை சேர்ந்து படித்தோம்.