மூன்றாம் நம்பர் துணி

ஜூலை 10, வியாழன்

காலையிலிருந்து மழை. தாமானில் வீட்டுக்கு வீடு ஈரத்துணி. எங்கள் வீட்டில் மட்டும் எரிந்த துணி.

யாமினி அக்கா சமையலறையில் துணி கொளுத்துகிறாள். ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, லைட்டர். காகிதம் மாதிரி எரிந்து சாம்பலானால் செடியில் வந்தது. உருகிக் கறுப்பு மணியாகச் சுருண்டால் பிளாஸ்டிக். பார்த்து முடித்ததற்கெல்லாம் நம்பர் எழுதிய சீட்டு, குண்டூசி.

செவ்வாய்க்கிழமை வடிவமைப்புக் கல்லூரி நேர்முகம். மண்ணைக் கெடுக்காத துணியில் ஓர் உடுப்பு தைத்துக்கொண்டு போக வேண்டும். போன வருடம் இடம் கிடைக்கவில்லை. இந்த வருடமும் இல்லையென்றால் செனாயில் பேக்டரி வேலை. அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

நம்பர் 3: லினன். அக்காவின் செல்லம்.
நம்பர் 5: பருத்தி. பரவாயில்லை ரகம்.
நம்பர் 7: லினன் மாதிரியே சொரசொரப்பாக நெய்த பாலியஸ்டர். நான் வைத்த பெயர் போலியஸ்டர்.

"கண்ண மூடிக்கிட்டே தொட்டுச் சொல்லுவேன்டா."

"அலமாக்! விரலா, இல்ல லேபா க்கா?"

"போடா."

ஜூலை 11, வெள்ளி

வெயில். அக்கா குளிக்கப் போன நேரத்தில் 3, 7 சீட்டுகளை மாற்றிக் குத்தினேன். இரண்டும் ஒரே வெள்ளை. லேப் கண்டுபிடிக்கிறதா பார்ப்போம். சாயங்காலம் சொல்லிச் சிரிக்கலாம்.

கெலாங் பாத்தா சாரணர் முகாமுக்கு பஸ் முன்கூட்டியே வந்துவிட்டது. ஹாரன் மேல் ஹாரன். ஒரு சப்பாத்து காலில், ஒன்று கையில். ஓட்டம்.

ஜூலை 13, ஞாயிறு

வீடு. இடது காலில் மட்டும் பதினான்கு கொசுக்கடி. கொசுக்களுக்கும் முகாம்.

உள்ளே நுழைந்தால், உடுப்பு தைத்து மாட்டியாகிவிட்டது. உண்மையான லினன் 7 என்ற சீட்டோடு குப்பைப் பையில்.

சீட்டு. மறந்தே போனேன்.

"தொட்டுப் பாருடா. மூணாம் நம்பர். வெட்டும்போது கொஞ்சம் வழவழன்னுதான் இருந்துச்சு. ஆனா நானே எரிச்சுப் பாத்ததாச்சே. சாபாஸ் சொல்லு."

தொட்டேன். சாபாஸ் சொன்னேன்.

ஜூலை 14, திங்கள்

சொல்லவில்லை. காரணங்கள்:
1. திரும்பத் தைக்க நேரமில்லை.
2. கல்லூரிக்காரர்கள் பார்ப்பார்கள், கொளுத்தமாட்டார்கள்.
3. அக்கா என்னைக் கொன்றுவிடுவாள்.

மூன்றும் புளுகு. அவள் பாடிக்கொண்டே பொத்தான் தைத்தாள். அதுதான்.

ஜூலை 15, செவ்வாய்

மத்தியானமே வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"ஓரத்துல ஒரு நூல உருவி லைட்டர் வச்சாங்கம்மா. கறுப்பு மணி. நீயே சோதிச்சியான்னு கேட்டாங்க. ஆமான்னேன். அப்ப தெரிஞ்சேதான் ஏமாத்துறியான்னாங்க."

"தெரியலன்னு சொல்லிருக்கலாம்லா."

"எனக்குத் தெரியும்னுதானேம்மா நெனச்சேன்."

இடம் இல்லை. பொய்க்காரி என்ற பெயர் மிச்சம்.

சோறு, ரசம், அப்பளம். யாரும் அப்பளத்தை நொறுக்கவில்லை. இன்றைக்கு என்னிடம் ஜோக் இல்லை.

ஜூலை 18, வெள்ளி

புகைமூட்டம். மீதித் துணி எல்லாம் வாசலில், மூன்று கறுப்புப் பைகளில். குண்டூசிகளைத் தனியாக எடுத்து டப்பாவில் போட்டாள். சீட்டுகளைக் கிழித்தாள். நான் பைக்கு முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். நல்ல தம்பி.

ஜூலை 21, திங்கள்

தூறல். அக்காவுக்கு முதல் நாள். நீலச் சீருடை, கழுத்தில் அட்டை. அவளுக்கு பேக்டரி பஸ், எனக்குப் பள்ளி பஸ், இரண்டுக்கும் ஒரே நிறுத்தம்.

என் காலரை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"இது பாலியஸ்டர் கலந்ததுதானே?"

கேட்கிறாள். என்னிடம். இதுவரை யாரிடமும் கேட்டதில்லை.

"சீட்ட நான்தான் மாத்துனேன் க்கா. மூணும் ஏழும். சும்மா வெளாட்டுக்கு."

விரல் காலரிலேயே இருந்தது.

"ஞாயித்துக்கெழம தொட்டுப் பாருன்னு சொன்னேனே. அப்பவே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

பஸ் வந்தது. கையை எடுத்தாள். சீருடையில் துடைத்துக்கொண்டாள். ஏறினாள்.